நடையில் முப்பத்தொன்று

நறுமுகைக்கு நடையில் முப்பத்தொன்று மதிப்பெண். பாஸ் மார்க் முப்பத்தைந்து. தலைமையாசிரியை மரகதம் என்னைப் பள்ளிக்கு அழைத்திருந்தார்.

"கணக்குல தொண்ணூறு வாங்குறா. தமிழ்ல தொண்ணூத்தி ரெண்டு. நடக்கறதுல ஃபெயிலுங்க," என்றார். "வீட்டுல கொஞ்சம் கவனிக்கக் கூடாதுங்களா?"

"அது மார்க் இல்லீங்க மேடம்."

"நீங்கதானுங்க சார் குடுத்தீங்க?"

நான்தான் கொடுத்தேன். 'வழித்துணை' திட்டத்துக்கு மயில்கரட்டில் நான்தான் பொறியாளர்.

அதற்கு முன்பு எங்கள் ஊரில் எந்தக் குழந்தையும் பள்ளிக்கு நடக்கவில்லை. வேன், கார், ஸ்கூட்டர். காலையில் பள்ளி வாசலில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். குழந்தைகளை வண்டிகளிடமிருந்து காப்பாற்ற எல்லோரும் வண்டி எடுத்தார்கள். பிறகு வழித்துணை வந்தது. ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் ஒரு கண். ஒவ்வொரு புத்தகப் பையிலும் ஒரு பட்டன். குழந்தை அடுத்த சில நொடிகளில் எங்கே இருக்கும் என்று கம்பம் கணிக்கும். அந்த இடத்தில் பகலிலும் தெரிகிற வெளிர்மஞ்சள் ஒளியை விரிக்கும். எந்த வண்டியும் அதற்குள் நுழைய முடியாது. பிரேக் தானாக விழும். குழந்தைகள் அந்த ஒளிக்குப் பாய் என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் வைத்த பெயர் நீளமானது. எங்களுக்கே மறந்துவிட்டது.

குழந்தை எங்கே போகும் என்று கம்பத்துக்கு உறுதியாகத் தெரிந்தால் பாய் குறுகலாக விழும். தெரியாவிட்டால் அகலமாக. அந்த உறுதியை நூற்றுக்கு இத்தனை என்று கம்பம் தனக்குள் வைத்துக்கொள்ளும். மனிதர்கள் அதைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் போன வருடம் பெற்றோர் கூட்டத்துக்கு முன்னால் மரகதம் மேடம் கேட்டார். "ஏதாவது ஒரு நம்பர் குடுங்க சார். வெறுங்கையோட எப்படிங்க பேரன்ட்ஸ் முன்னால போய் நிக்கறது?"

அந்த எண்ணைக் கொடுத்தேன். நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் இருந்தால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடுத்த மாதம் ரேங்க் வந்தது. அதற்கடுத்த மாதம் நடை டியூஷன் வந்தது.

"முப்பத்தஞ்சுக்குக் கீழ இருக்கறவங்க வேன்லதான் வரணும்னு பெற்றோர் சங்கத்துல தீர்மானம் போட்டாச்சுங்க," என்றார் மேடம். "கொஞ்சப் புள்ளைங்க இருந்தாங்க. டியூஷன் போய் எல்லாருமே தேறிட்டாங்க. உங்க புள்ள மட்டுந்தான் பாக்கி. திங்கக்கெழம வரைக்கும் டைம் தர்றேன். சாருலதா இருந்திருந்தா..."

நிறுத்திக்கொண்டார். சாருலதா என் மனைவி. இரண்டு வருடத்துக்கு முன்னால் காய்ச்சலில் இறந்துவிட்டாள்.

மாலையில் தோசை ஊற்றினேன். நறுமுகை தட்டோடு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, நான் ஃபெயிலுங்களா?"

"அது மார்க் இல்ல கண்ணு."

"ரிஷ்வந்துக்குத் தொண்ணூத்தேழு. அவனுக்குப் பேனா குடுத்தாங்க."

"வேன்ல போறியா?"

"மாட்டேன்." தட்டைத் தள்ளி வைத்தாள். "வேன்ல ஜன்னலத் தொறக்க உடமாட்டாங்க. டிரைவர் மாமா தெனமும் ஒரே பாட்டப் போடுவாரு. அப்பறம் பன்னு என்ன பண்ணும்?"

பன்னு ஒரு தெருநாய். பேக்கரி வாசலில் படுத்திருக்கும்.

"சரி, முப்பத்தஞ்சு வாங்கிட்டாப் போச்சு. நாலு மார்க்தான?"

நானும் மார்க் என்று சொல்லிவிட்டேன்.

கணினியைத் திறந்து அவள் தினமும் நடக்கிற வழியைக் காட்டினேன். மற்றக் குழந்தைகளின் வழி கோடாக இருக்கும். இவளுடையது கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது.

"இது என்ன?"

"பன்னு."

"இது?"

"அங்க செத்துப்போனவங்க போஸ்டரு ஒட்டுவாங்க. யாருன்னு படிப்பேன். தெரிஞ்சவங்களா இருந்தா?"

"இது?"

"வாழத்தார் மண்டி. தாரு எறக்கறதப் பாப்பேன்."

"இங்க பின்னாலயே நடந்திருக்கற."

"பின்னால நடந்தா எப்படி இருக்கும்னு பாத்தேங்கப்பா. அவ்வளவு நல்லா இல்ல."

பேங்க் முக்கில் மட்டும் கோடு நூல்கண்டு சிக்கியதுபோல இருந்தது. ஒரு நாள் இல்லை, எல்லா நாளும். போகிறாள், நிற்கிறாள், திரும்பி வருகிறாள், மறுபடி போகிறாள். அந்த முக்கு வரை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் நடப்போம். அங்கே அவள் வலப்பக்கம் பள்ளிக்கு, நான் இடப்பக்கம் அலுவலகத்துக்கு.

"இங்க என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்கப்பா." தோசையைப் பிய்த்தாள். "உங்களுதக் காட்டுங்க."

என் சட்டைப் பையிலும் ஒரு பட்டன் உண்டு. கம்பங்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க ஊழியர்களுக்குக் கொடுத்தது. எனக்கும் பாய் விழும். திரையில் போட்டேன். வீடு, பேங்க் முக்கு, லாரி ஷெட், அலுவலகம். மாலையில் அதே வழி திரும்ப.

"ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி இருக்குது," என்றாள். "எத்தன மார்க்கு?"

"தொண்ணூத்தொன்பது."

"அம்மாடி! மீதி ஒண்ணு எங்கீங்கப்பா போச்சு?"

"ஒரு நாள் மழை. கடையோரமா ஒதுங்குனேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கிற விஷயமாக எனக்குத் தெரியவில்லை. தோசை கருகியது.

மறுநாள் நடை டியூஷனில் சேர்த்துவிட்டேன். காலியாகக் கிடந்த கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆசிரியர் வஜ்ரவேல், ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். தரையில் சுண்ணாம்புக் கோடு. அதன் மேல் வரிசையாகக் குழந்தைகள். நான் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எடப்பக்கம் நாயி வருது!" என்று கத்தினார் மாஸ்டர்.

"பாக்க மாட்டோம் சார்!"

"வலப்பக்கம் ஐஸ் வண்டி!"

"பாக்க மாட்டோம் சார்!"

"சிநேகிதன் கூப்புடறான்!"

"திரும்ப மாட்டோம் சார்!"

நறுமுகை கையைத் தூக்கினாள். "சார், யான வந்தா?"

"யான எப்படி வரும்?"

"கோயில் யான சார். மாசத்துல ஒருக்கா வருமே."

"வந்தாலும் பாக்கக் கூடாது."

"யானையவா சார்?"

மண்டபத்தில் ஒரு முனகல் கிளம்பியது. ஆசிஃபா என்ற பெண் தன் வரிசையை விட்டு விலகி, "சார், யானைக்கு மட்டும் ஒரு மார்க் கொறச்சுக்கங்க சார்," என்றாள். இன்னொருவன் மயிலுக்கும் கேட்டான். மாஸ்டர் விசிலை ஊதினார். வரிசை கலைந்துவிட்டது. அரை மணி நேரத்துக்கு யானை, மயில், ஊர்வலத்தில் வரும் பேண்டு வாத்தியம் இவற்றுக்கு எவ்வளவு குறைக்கலாம் என்ற பேச்சுதான்.

"சார், கோவிச்சுக்காதீங்க," என்று மாஸ்டர் என்னிடம் வந்தார். "இந்தப் புள்ள மத்த புள்ளைங்களையும் ஃபெயிலாக்கிப்புடும்."

பள்ளி வாசலில் தள்ளுவண்டி வைத்திருக்கும் ரங்காக்காவும் என்னைப் பிடித்துக்கொண்டார். மாங்காய்ப் பத்தை, இலந்தைவடை, நெல்லிக்காய் விற்பவர்.

"என்னுங்க இஞ்சினியரு, புள்ளைங்களுக்கு என்னத்த ஊசியப் போட்டு உட்டீங்க? முந்தியெல்லாம் வண்டியச் சுத்தி ஈயாட்டமா மொய்ப்பாங்க. இப்ப எம்பக்கம் கழுத்தத் திருப்புனா மார்க்கு கொறையுதாமா. மிலிட்டரி போறாப்பல போறாங்க. பெத்த புள்ளைங்களா, பேட்டரி போட்ட புள்ளைங்களா?"

"பத்திரமாப் போறாங்கல்லீங்க அக்கா."

"போறாங்க போறாங்க. உங்க புள்ள ஒருத்திதான் நின்னு, அக்கா சௌக்கியமான்னு கேட்டுட்டுப் போகுது. அதுக்கும் வேன் வெக்கறீங்களாமா?"

நெல்லிக்காய் வாங்கிக்கொண்டு நேராக நடந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பேங்க் முக்கில் அவளை விட்டுவிட்டு இடப்பக்கம் திரும்பி, லாரி ஷெட்டைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் பிரேக் சத்தம். ஏதோ மரப்பெட்டிகள் உடைகிற சத்தம். ஒரு பெண் "ஐயோ சாமி!" என்றாள்.

திரும்பினேன். சாலை சிவப்பாக இருந்தது.

ஓடினேன். கடைசியாக எப்போது ஓடினேன் என்று நினைவில்லை. ஒரு செருப்பு எங்கோ போனது. கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கினேன். சிவப்புக்கு நடுவே ஒரு சைக்கிள் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"ரத்தம் இல்லீங்ணா," என்றது ஒரு குரல். "தக்காளி."

தக்காளிதான். உடுமலைச் சந்தைக்குப் போகிற தக்காளி டெம்போ. பெட்டிகள் சரிந்து சாலை முழுக்கத் தக்காளி. நடுவில் ரிஷ்வந்த் உட்கார்ந்திருந்தான். முழங்கையில் சிராய்ப்பு, மற்றபடி தலைமுதல் கால்வரை ரசம். டெம்போ அவனுக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது.

"அப்பா!" நறுமுகை கொஞ்ச தூரத்தில் வாழைத்தார் மண்டி வாசலில் நின்றிருந்தாள். அவளுடைய பாய் சாலையை முழுக்க மூடிக்கிடந்தது. அதன் விளிம்பில் ஒரு பஸ், இரண்டு லாரி, மூன்று கார்கள் முகத்தை நீட்டிக்கொண்டு காத்து நின்றன. அவள் ஒரு கையில் தக்காளி வைத்திருந்தாள். அது அவள் காலடி வரை உருண்டு போயிருந்தது.

"செருப்பு எங்கீங்கப்பா?" என்றாள்.

அலுவலகத்தில் பதிவைப் போட்டுப் பார்த்தேன். நடந்தது இதுதான். ரிஷ்வந்த் நேராகவே போகிற பையன். அவனுடைய பாய் ஓர் ஆள் படுக்கிற அகலம்தான். அதனால் வண்டிகள் அவன் கைப்பிடியை உரசுகிற தூரத்தில், சட்டப்படி, முழு வேகத்தில் போகலாம். டெம்போ அப்படித்தான் போனது. சைக்கிள் செயின் கழன்றது. அவன் பக்கவாட்டில் சாய்ந்தான். தொண்ணூற்றேழு வாங்குகிற பையன் சாய்வான் என்று கம்பம் எதிர்பார்க்கவில்லை. பிரேக் தாமதமாக விழுந்தது.

பிறகு நறுமுகையின் பதிவைப் பார்த்தேன். திட்டம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை அவள் பக்கத்தில் எந்த வண்டியும் நடக்கிற வேகத்தைத் தாண்டியதே இல்லை. ஒரு தடவைகூட இல்லை.

அதையே மறுபடி பார்த்தேன். பிறகு தலைமை அலுவலகத்தில் துவாரகேஷைத் திரையில் கூப்பிட்டேன். என் மேலதிகாரி. என்னைவிட இளையவர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர்.

"சார், மார்க் தலைகீழா இருக்கு. அதிகமா வாங்கற பசங்க பக்கத்துலதான் வண்டி வேகமாப் போகுது. ஃபெயிலாகிற பொண்ணுதான் ஊர்லயே பத்திரமா நடக்குது."

"தெரியும் நவநீதன். அந்த ஒரு பொண்ணால மெயின் ரோடே நிக்குதுன்னு தினமும் புகார் வருது. பசங்க நேரா நடக்கறதாலதான் போக்குவரத்து ஓடுது. இந்தத் திட்டத்தை ஊர் ஏத்துக்கிட்டதே அதனாலதான்."

"செயின் கழண்டா சார்?"

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழலும்?"

"கழலற அன்னிக்குத்தான் சார் பாய் வேணும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாருக்கும் பாயை அகலமா வைக்கலாமே சார்," என்றேன்.

"அப்புறம் யாரும் ஆபீஸ் போக முடியாது. நாளைக்கே இந்தக் கம்பத்தையெல்லாம் பிடுங்கச் சொல்லுவாங்க. அப்போ உங்க பசங்களுக்குக் குறுகலான பாய்கூட இருக்காது. பரவாயில்லையா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

"திங்கட்கிழமை அந்தப் பொண்ணை வேன்ல ஏத்துங்க. யாரு அந்தப் பொண்ணு?"

"என் பொண்ணுதான் சார்."

"ஓ." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க." கொஞ்சம் பொறுத்து, "வேன்தான்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொன்னேன். வேன் விஷயத்தை மட்டும் சொல்ல நினைத்தேன். மற்றதையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப எம் பாய்தான் எல்லாத்தையும் விடப் பெரிய பாயிங்களா?"

"ஆமா."

"அதுல எத்தன பேரு நடக்கலாம்?"

"அளந்து பாத்ததில்ல."

யோசித்தாள். "ரிஷ்வந்தோட பாய் ரொம்ப ஒல்லி. பாவம்," என்று சொல்லிவிட்டு, அன்று சாலையில் கிடைத்த தக்காளியில் முகம் வரையத் தொடங்கினாள். அந்தத் தக்காளியை அவள் குழம்புக்குத் தரவில்லை.

திங்கட்கிழமை வேன் வருவதற்கு முன்பே வாசலில் மணி அடித்தது. ரிஷ்வந்த். முழங்கையில் பிளாஸ்திரி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். பின்னால் ஆசிஃபா. அவள் பின்னால் எனக்குப் பேர் தெரியாத இரண்டு வாண்டுகள்.

"அங்கிள், நறு வேன்ல போறாளா?"

"வேன் வரும்."

"வர்றதுக்கு முன்னாடி நாங்க கூட்டிட்டுப் போயிட்டா?"

"ஏன்டா?"

தரையைப் பார்த்தான். "எனக்கு ரோட்டுல போகப் பயமா இருக்குதுங்க அங்கிள். அவ கூட வந்தாப் பயமா இருக்காது."

ஆசிஃபா அவனை இடித்தாள். "தொண்ணூத்தேழு வாங்குனவன் மூஞ்சியப் பாருங்க அங்கிள்."

நறுமுகை பையை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். தெருக்கோடியில் வேனின் ஹாரன் கேட்டது. அந்த ஒரே பாட்டும் கேட்டது.

"பின்பக்கமா போங்க," என்றேன்.

டிரைவரிடம் அவள் கிளம்பிவிட்டாள் என்று சொன்னேன். அது பொய்யில்லை.

அன்று பேங்க் முக்கு வரை நான் தனியாக நடந்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர். கம்பத்துக்கு அவள் ஒருத்தியே புரியாது. இன்னும் நான்கு பேர் அவளைச் சுற்றி, அவள் நின்றால் நின்று, அவள் திரும்பினால் திரும்பி, பன்னுவைத் தொட்டுப் பார்த்து, போஸ்டரைப் படித்துப் போனபோது, கம்பம் கணிப்பதையே விட்டுவிட்டது. சாலை முழுக்க மஞ்சள். பஸ் ஊர்ந்தது.

பிறகு நடந்தவற்றில் எனக்குப் பங்கு இல்லை. பெரியவர்கள் யாருக்குமே இல்லை. நறுமுகையிடம் பெரிய பாய் இருக்கிறது என்ற செய்தி ரிஷ்வந்திடமிருந்து ஐந்தாம் வகுப்புக்குப் போனது. அங்கிருந்து பள்ளி முழுக்க. அவள் கூடவே எல்லோரும் நடக்க முடியாது. ஆகவே அவளைப் போல நடக்கத் தொடங்கினார்கள். முதலில் நடித்தார்கள். இரண்டாவது நாளே நடிக்க வேண்டியிருக்கவில்லை. நாய் இருந்தது, போஸ்டர் இருந்தது, வாழைத்தார் இருந்தது. புதன்கிழமை, சொல்லி வைத்ததுபோலக் கோயில் யானையும் வந்தது.

வண்டிக்காரர்கள் முதல் இரண்டு நாள் ஹாரன் அடித்தார்கள். மூன்றாம் நாள் சிலர் புறவழிச் சாலையில் போனார்கள். சிலர் பள்ளி நேரத்துக்கு முன்பே கிளம்பினார்கள். மிச்சம் பேர் வண்டியிலேயே உட்கார்ந்து எதிர் வண்டிக்காரனோடு பேச ஆரம்பித்தார்கள். ரங்காக்கா தள்ளுவண்டியில் ஒரு டீ ஃபிளாஸ்க்கைச் சேர்த்துக்கொண்டார்.

"இஞ்சினியரே," என்று தூரத்திலிருந்தே கத்தினார். "ஊசி எறங்கிருச்சுங்களாட்ட!"

வஜ்ரவேல் மாஸ்டரைத்தான் நினைத்துப் பாவமாக இருந்தது. ஆனால் வியாழக்கிழமை மண்டபத்து வாசலில் புதுப் பலகை தொங்கியது. 'நடைப் பயிற்சி. முப்பத்தைந்துக்குக் கீழ் உத்தரவாதம்.' உள்ளே எட்டிப் பார்த்தேன். மாஸ்டர் தானே குதிகாலில் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். நன்றாகவே சுற்றினார்.

வெள்ளிக்கிழமை மரகதம் மேடம் கூப்பிட்டார். மேஜைமேல் வாராந்திர ரேங்க் பட்டியல்.

"ஸ்கூலே ஃபெயிலுங்க சார்," என்றார். "ரிஷ்வந்து இருபத்தி ரெண்டு. எம் பேத்தி பதினெட்டு."

"வேன்?"

"எல்லாரையும் ஏத்தறதுக்கு ரயிலுதான் வேணும்." பட்டியலை என் பக்கம் திருப்பினார். "முப்பது வருசமா பேப்பர் திருத்தறேனுங்க. ஒரு புள்ள ஃபெயிலாச்சுன்னா புள்ளையக் கூப்புட்டுக் கேப்போம். மொத்த ஸ்கூலும் ஃபெயிலாச்சுன்னா கேள்வித்தாள எடுத்துப் பாப்போம். உங்க கேள்வித்தாளே தப்புங்க சார்."

"அது கேள்வித்தாளே இல்லீங்க மேடம்."

"அப்ப மார்க்கு மட்டும் எதுக்குங்க?" பட்டியலை நான்காக மடித்து ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை ஆடுவது நின்றது. "நறுமுகை நடந்தே வரட்டும். பெற்றோர் சங்கத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன். அவங்க புள்ளைங்களும் ஃபெயிலுதான, வாயத் தொறக்க மாட்டாங்க."

மாலை துவாரகேஷ் கூப்பிட்டார்.

"நவநீதன், மயில்கரட்டுல கம்பம் எல்லாம் பழுதா? ஊர் முழுக்க மஞ்சளா காட்டுது."

"பழுதில்ல சார். சரியா வேலை செய்யுது."

"வண்டி எல்லாம் ஊர்ந்துதான் போகுது."

"ஸ்கூல் நேரத்துல மட்டும் சார். புகார் வருதா?"

அவர் எதையோ தட்டிப் பார்த்தார். "திங்கள், செவ்வாய் வந்திருக்கு. அப்புறம் குறைஞ்சிருக்கு. நேத்து ஒண்ணுமில்ல." புரியாத முகத்தோடு இருந்தார். "வேற ஊர்லயும் இப்படி ஆயிட்டா?"

"ஆகலாம் சார். பசங்க பேசிக்கறாங்க."

"உங்க ஊர்ல ஒரே ஒரு பட்டன்தான் இன்னும் நேரா போகுது. தொண்ணூத்தொன்பது. யாரோடது?"

"என்னோடது சார்."

"நல்லது. ஒருத்தராவது இருக்கீங்களே," என்று வைத்துவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அந்தத் தக்காளியைக் கடைசியில் எனக்குத் தந்தாள். கொஞ்சம் சுருங்கியிருந்தது. ரசம் வைத்தேன். துவாரகேஷ் சொன்னதை வேடிக்கைக்காக அவளிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப உங்க பாய்தான் இப்ப ஊர்லயே ஒல்லியான பாயிங்களா?"

"அப்படித்தான் இருக்கும்."

"எனக்குத் தெரியும். தெனமும் பாப்பேன்."

"எங்கிருந்து?"

"பேங்க் முக்குல இருந்து. நீங்க லாரி ஷெட்டத் தாண்டற வரைக்கும் நின்னு பாப்பேன். அங்க லாரியெல்லாம் உங்களுக்குப் பக்கத்துலயே போகும்." விரலால் ரசத்தைத் தொட்டு நக்கினாள். "தாண்டுனப்பறம்தான் ஸ்கூலுக்குப் போவேன். சில நாளு பாதி வழியில டவுட்டு வரும். திரும்பி வந்து பாப்பேன்."

நூல்கண்டு. எல்லா நாளும்.

"எதுக்கு கண்ணு?"

"சும்மாதாங்கப்பா." சோற்றைப் பிசைந்தாள். "நீங்க ஒரு நாளுகூடத் திரும்பிப் பாக்க மாட்டீங்க. அதனால உங்களுக்குத் தெரியாது. ரசத்துல உப்பு இல்ல."

உப்பு போட்டேன். அதிகமாகிவிட்டது. அவள் அதையும் சொன்னாள்.

திங்கட்கிழமை பேங்க் முக்கில் அவள் கையை விட்டேன். ரிஷ்வந்தும் ஆசிஃபாவும் மற்றவர்களும் அங்கே காத்திருந்தார்கள். நான் இடப்பக்கம் திரும்பி நடந்தேன். லாரி ஷெட் வந்தது. ஒரு லாரி எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. அதற்குப் போகிற அளவு இடம் இருந்தது. எப்போதும் இருக்கும்.

நின்றேன்.

திரும்பிப் பார்த்தேன். முக்கில் சின்னதாக நின்றிருந்தாள். கையைத் தூக்கினேன். அவள் தூக்கவில்லை. இதைச் சற்றும் எதிர்பார்க்காதவள் போல அப்படியே நின்றாள். பிறகு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். கூட இருந்தவர்களும் எதற்கென்று தெரியாமலே ஆட்டினார்கள். நான் திரும்பி அவளை நோக்கி நாலு எட்டு நடந்தேன். அப்புறம் அலுவலக நேரம் நினைவுக்கு வந்து மறுபடி இந்தப் பக்கம் திரும்பினேன். அப்புறம் மறுபடி பார்த்தேன். அவள் இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

என் காலடியில் மஞ்சள் விரிந்தது. சாலையின் அந்தப் பக்கம் வரை போயிற்று. லாரி நின்றுவிட்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"எங்கீங்க போகோணும், அக்கட்டயா இக்கட்டயா?"

"தெரியலீங்க," என்றேன்.

"சரி, மெதுவா யோசிங்க," என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, சோம்பல் முறித்தார்.

அலுவலகத்துக்குத் தாமதமாகத்தான் போனேன். மாலையில் என் பட்டனின் எண்ணைப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு.

அன்று மழை இல்லை.